நல்ல ஊழியர்கள் ஏன் போகிறார்கள்? ஊக்கத்தையும் ஆட்களையும் தக்கவைக்க தனியார் நிறுவனங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

“நல்லாத்தான் வேலை பார்த்துட்டிருந்தார், திடீர்னு பேப்பர் போட்டுட்டார்.” மேனேஜர்கள் எச்.ஆரிடம் அடிக்கடி சொல்வது இது. அந்த ஊழியரோடு தினமும் மதியம் சாப்பிடுகிறவரைக் கேட்டுப் பாருங்கள். பல மாதங்களாகவே அவர் வேறு இடம் தேடிக்கொண்டிருந்தது தெரியவரும். மேனேஜருக்கு மட்டும்தான் அது திடீர்.

1977-ல் வில்லியம் மோப்லி என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த இடைக்காலத்தை வரிசையாகப் பிரித்து எழுதினார். முதலில் வேலையில் மனக்குறை. அப்புறம், போய்விடலாமா என்ற நினைப்பு. போனால் லாபமா நஷ்டமா என்ற கணக்கு. பிறகு தேடல், கிடைத்ததையும் கையில் இருப்பதையும் ஒப்பிடுவது, முடிவு. கடைசியில்தான் ராஜினாமா. ஊக்கம் குறைவது இந்த வரிசையின் தொடக்கத்தில். நிறுவனம் விழித்துக்கொண்டு, போகாமல் இருக்க அதிகச் சம்பளம் தருகிறோம் என்று கவுண்டர் ஆஃபரோடு ஓடிவருவது கடைசியில்.

நடுவில் கிடக்கும் அந்த மாதங்களில் என்ன செய்யலாம் என்பதுதான் இங்கே விஷயம். எச்.ஆரில் இருப்பவர்கள், ஐந்தாறு பேரை வழிநடத்தும் டீம் லீடுகள், சிறு நிறுவன முதலாளிகள் என்று மூன்று தரப்பையும் மனதில் வைத்து எழுதுகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊழியருக்கு ஊக்கம் ஊட்டத் தேவையில்லை. சேரும் நாளில் பெரும்பாலானவர்கள் போதுமான ஊக்கத்தோடுதான் வருகிறார்கள். அதைக் கரைப்பது எது என்று கண்டுபிடித்து நிறுத்தினால் போதும், பாதி வேலை முடிந்தது. பேச்சாளரை அழைத்து இரண்டு மணி நேரம் கைதட்ட வைப்பது, சுவரில் வாசகம் ஒட்டுவது, டீம் அவுட்டிங் போவது எல்லாம் தப்பில்லை. ஆனால் அதற்காக யாரும் நிறுவனத்தில் தங்கிவிடுவதில்லை.

படி 1: போகிறவர்கள் யார் என்று பிரித்துப் பாருங்கள்

அட்ரிஷன், அதாவது ஊழியர்கள் விலகும் விகிதம், அதன் கணக்கு எளிது. ஒரு வருடத்தில் விலகியவர்களின் எண்ணிக்கையை அந்த வருடத்தின் சராசரி ஊழியர் எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். சராசரியாக 80 பேர், விலகியவர்கள் 12 பேர் என்றால் 15 சதவீதம். இந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

அந்த 12 பேரையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொருவரும் தானாகப் போனாரா, நிறுவனம் அனுப்பியதா? போனது இழப்பா, நிம்மதியா? எத்தனை மாதம் இருந்தார்? யாரிடம் ரிப்போர்ட் செய்தார்? இந்த நான்கு கேள்விக்கும் பதில் எழுதினாலே படம் தெளிந்துவிடும். மூன்று மாதத்துக்குள் போனவர்கள் அதிகம் என்றால், ஆள் எடுக்கும்போது சொன்னதற்கும் உள்ளே இருப்பதற்கும் பொருந்தவில்லை. ஒன்றரை, இரண்டு வருடத்தில் போகிறார்கள் என்றால் அடுத்து என்ன என்ற கேள்விக்குப் பதில் இல்லை. ஏழெட்டு வருடம் இருந்தவர்கள் அடுத்தடுத்துப் போனால், சமீபத்தில் மேலே யார் மாறினார்கள் என்று பாருங்கள். ஒரே மேனேஜரின் பெயர் ஐந்து முறை வந்தால், மேற்கொண்டு ஆராய்ச்சியே தேவையில்லை.

இன்னொரு எச்சரிக்கை. அட்ரிஷன் குறைவாக இருப்பதால் ஊக்கம் நிறைய இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஜேம்ஸ் மார்ச்சும் ஹெர்பர்ட் சைமனும் 1958-லேயே இதை இரண்டாகப் பிரித்தார்கள்: போக விரும்புகிறாரா என்பது ஒன்று, போக வழி இருக்கிறதா என்பது இன்னொன்று. வேலைச் சந்தை மந்தமாக இருக்கும்போது மனம் விட்டுப்போனவர்களும் நாற்காலியில் இருப்பார்கள். சந்தை திறந்ததும் மொத்தமாகக் கிளம்புவார்கள். என்னைக் கேட்டால், மனம் விட்டுப்போயும் உட்கார்ந்திருப்பவரால் ஆகும் நஷ்டம் போனவரால் ஆவதைவிடப் பெரிது. அவரைப் பார்த்துத்தான் புதிதாக வந்தவர் வேலையைப் பழகுகிறார்.

படி 2: சம்பளப் பேச்சை முதலில் முடித்துவிடுங்கள்

சம்பளம் முக்கியமில்லை என்று சொல்லும் கட்டுரைகளைப் பெரும்பாலும் நல்ல சம்பளம் வாங்குகிறவர்கள்தான் எழுதுகிறார்கள். பணம் ஆளைத் தங்க வைக்கும். அதற்கு வரலாற்றிலேயே பெரிய சான்று உண்டு. ஃபோர்டு மோட்டார் நிறுவனத்தில் 1913-ல் வருடாந்திர ஊழியர் வெளியேற்றம் ஏறக்குறைய 370 சதவீதம். சுமார் பதினான்காயிரம் பேர் வேலை பார்க்கும் இடத்தில் ஒரே வருடத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் ஹென்றி ஃபோர்டு தினக்கூலியை இரண்டு மடங்குக்கும் மேலாக்கி 5 டாலர் என்று அறிவித்தார். வேலை நேரமும் 9 மணியிலிருந்து 8 ஆனது. நிபந்தனைகள் நிறைய இருந்தன, எல்லோருக்கும் உடனே கிடைத்துவிடவில்லை. ஆனாலும் அந்த வருடமே வெளியேற்றம் 54 சதவீதத்துக்கு வந்தது, 1915-ல் 16 சதவீதம்.

அசெம்பிளி லைன் வேலை மட்டும் அதே சலிப்போடுதான் இருந்தது. ஆட்கள் தங்கினார்கள், வேலை பிடித்துப்போய் அல்ல. மற்ற இடங்களைவிட இரண்டு மடங்கு கொடுக்க முடிந்தால் நீங்களும் இதைச் செய்யலாம், இந்த வழிகாட்டியையும் இங்கேயே மூடிவிடலாம். முடியாதென்றால் மேலே படியுங்கள்.

ஃப்ரெடரிக் ஹெர்ஸ்பெர்க் தன் சகாக்களோடு சுமார் 200 பொறியாளர்கள், கணக்காளர்களிடம் பேசி 1959-ல் ஒரு முடிவைச் சொன்னார். வேலையில் எரிச்சல் வந்த நேரங்களைச் சொல்லச் சொன்னால் நிறுவனக் கொள்கை, மேற்பார்வை, சம்பளம், வேலைச் சூழல் என்று வந்தது. மகிழ்ச்சியாக இருந்த நேரங்களைக் கேட்டால் சாதித்தது, அங்கீகாரம், வேலையின் சுவை, பொறுப்பு என்று வேறு பட்டியல் வந்தது. முதல் பட்டியலைச் சரிசெய்தால் எரிச்சல் போகும், ஊக்கம் வந்துவிடாது என்பது அவர் வாதம். நல்லதைத் தன் திறமைக்கும் கெட்டதைச் சூழலுக்கும் எழுதிவிடுவது மனித இயல்பு, அதனால்தான் பட்டியல் இப்படிப் பிரிந்தது என்று அவரை மறுத்தவர்களும் உண்டு. மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அலுவலகத்தில் முதலில் எதைச் சரிசெய்வது என்று வரிசைப்படுத்த இந்தப் பிரிவினை நன்றாக உதவுகிறது: முதலில் எரிச்சல், அப்புறம் ஊக்கம்.

சம்பளத்தில் மிகப் பெரிய எரிச்சல் தொகை அல்ல, ஒப்பீடு. ஜே. ஸ்டேசி ஆடம்ஸ் 1963-ல் சொன்னது இதுதான்: நான் போடுவதற்கும் பெறுவதற்கும் உள்ள விகிதத்தை என் பக்கத்து நாற்காலியோடு ஒப்பிடுகிறேன். நான்கு வருடம் உழைத்தவர், நேற்றுச் சேர்ந்தவருக்கு வேலை கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். பேச்சுவாக்கில் புதியவரின் சம்பளம் தெரியவருகிறது, தன்னுடையதைவிட அதிகம். அன்று சாயங்காலமே அவர் தன் பயோடேட்டாவைத் தூசி தட்டுவார். ஆகவே வருடத்துக்கு ஒருமுறை, அப்ரைசலுக்கு முன்பு, ஒரே வேலை பார்ப்பவர்களின் சம்பளத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழையவர் கீழே இருந்தால் அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் சரிசெய்யுங்கள். பேப்பர் போட்ட பிறகு அதே தொகையைக் கொடுத்தால், இத்தனை நாள் கொடுக்க முடிந்தும் கொடுக்கவில்லை என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார்.

படி 3: இருப்பவர்களிடம் பேசுங்கள்

விலகுகிறவரிடம் காரணம் கேட்கும் எக்ஸிட் இன்டர்வியூவில் உண்மை வருவது அபூர்வம். ரிலீவிங் லெட்டர் கைக்கு வரவேண்டும், நாளைக்கு ஒருவர் போன் செய்து விசாரித்தால் நல்லபடியாகச் சொல்ல வேண்டும். எனவே “நல்ல வாய்ப்பு”, “குடும்பக் காரணம்” என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். கேட்க வேண்டியது இருப்பவர்களிடம், அதுவும் முன்கூட்டியே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் போதும். அப்ரைசலோடு இதைக் கலக்கக் கூடாது. மதிப்பெண் போடப்போகிறவரிடம் யாரும் மனம் திறக்க மாட்டார்கள்.

எதைத் தேடுவது? எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து, உள்ளிருந்து வரும் ஊக்கத்துக்கு மூன்று தேவைகளைச் சொல்கிறார்கள். என் வேலையில் நானும் முடிவெடுக்க முடிகிறது என்ற உணர்வு, என் திறமை வளர்கிறது என்ற உணர்வு, இங்கே எனக்கு மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. மூன்றில் எது அடிபட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த உரையாடலின் வேலை.

“சந்தோஷமா இருக்கீங்களா?” என்று கேட்டால் “இருக்கேன் சார்” என்பதைத் தவிர வேறென்ன சொல்வார்? நடந்த ஒன்றைப் பற்றிக் கேளுங்கள். உரையாடல் ஏறக்குறைய இப்படிப் போகும்:

“போன மாச ரிலீஸ்ல உங்களுக்குப் பிடிச்ச பகுதி எது?”

“எல்லாம் ஓகேதான் சார்.”

“சரி, பிடிக்காதது?”

கொஞ்சம் யோசிப்பார். அந்த மௌனத்தை நீங்கள் நிரப்பாதீர்கள்.

“அந்த டெஸ்ட் ரிப்போர்ட் சார். மூணு நாள் உட்கார்ந்து நான்தான் போட்டேன். கிளையண்ட் மீட்டிங்ல அதைப் பத்திக் கேள்வி வந்திருக்கு, யாருக்கும் பதில் தெரியலைன்னு அப்புறம் எனக்கு மெசேஜ் வந்தது. நான் அந்த மீட்டிங்லயே இல்ல.”

இந்த இடத்தில் பெரும்பாலான லீடுகள் தற்காப்பில் இறங்கிவிடுவார்கள். “அது மேலிடத்து முடிவு”, “அடுத்த தடவை பாத்துக்கலாம்.” அத்தோடு கதவு சாத்தியாயிற்று. அவர் கேட்டது இன்கிரிமெண்ட் அல்ல, நாற்காலி. அடுத்த கிளையண்ட் அழைப்பில் அவரைச் சேர்த்துவிட்டு, “இந்தப் பகுதியை அவரே சொல்வார்” என்று விலகிக்கொண்டால் போதும். செலவு எதுவும் இல்லை.

கேட்கத் தகுந்த வேறு சில: எந்த வேலை வந்தால் தள்ளிப்போடத் தோன்றுகிறது? இங்கே சேரும்போது எதிர்பார்த்ததில் எது நடக்கவில்லை? கடைசியாக, போதும்டா சாமி என்று தோன்றியது எப்போது, அன்று என்ன நடந்தது? மூன்றாவது கேள்வியைக் கேட்கக் கொஞ்சம் தைரியம் வேண்டும், பலன் அதில்தான் அதிகம். கேட்டதெல்லாம் செய்ய முடியாது. ஒன்றையாவது இரண்டு வாரத்துக்குள் செய்யுங்கள். முடியாததை ஏன் முடியாது என்று நேராகச் சொல்லுங்கள். கேட்டுவிட்டு ஒன்றுமே செய்யாமல் விடுவதற்குக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

உரையாடலுக்கு வெளியேயும் சில அறிகுறிகள் தெரியும். எதற்கெடுத்தாலும் வாதாடிக்கொண்டிருந்தவர் இப்போது எல்லாவற்றுக்கும் “சரி சார்” என்கிறார். அதை முதிர்ச்சி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வாதாடுகிறவருக்கு இன்னும் அக்கறை இருக்கிறது. அடுத்த வருடத் திட்டத்தைப் பேசும்போது அவர் குரலே கேட்கவில்லை என்றால் உடனே பேச வேண்டியவர் அவர்தான். லிங்க்டுஇன் பக்கத்தை எட்டிப்பார்ப்பது, அரைநாள் லீவைத் துருவுவது போன்ற துப்பறியும் வேலைகள் வேண்டாம். தெரிந்துபோனால் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விடும்.

படி 4: வேலையின் அமைப்பைத் திருத்துங்கள்

ஹாக்மேன், ஓல்ட்ஹம் என்ற ஆய்வாளர்கள் ஒரு நல்ல வேலைக்கு வேண்டிய ஐந்து அம்சங்களை 1976-ல் சொன்னார்கள்: பலவகைத் திறமைக்கு இடம், தொடக்கம் முதல் முடிவுவரை ஒரு முழு வேலை, அந்த வேலையால் யாருக்கோ பயன், சுயமாக முடிவெடுக்கும் இடம், செய்தது எப்படி வந்தது என்ற தகவல். ஒவ்வொரு பதவியையும் இந்த ஐந்தில் நிறுத்திப் பாருங்கள். நடைமுறையில் அடிக்கடி விடுபட்டுப்போவது மூன்றாவதும் ஐந்தாவதும்தான்.

மூன்றாவதற்கு ஆடம் கிராண்ட் 2007-ல் வெளியிட்ட ஆய்வு நல்ல உதாரணம். பல்கலைக்கழகம் ஒன்றுக்காகத் தொலைபேசியில் நன்கொடை திரட்டும் ஊழியர்களை, அந்த நன்கொடையால் படிக்கும் ஒரு மாணவரோடு சில நிமிடம் பேச வைத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், அவர்கள் அழைப்புகளில் செலவிட்ட நேரம் இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்திருந்தது, திரட்டிய தொகையும் அப்படியே. உங்கள் பின்னலுவலகத்தில் இன்வாய்ஸ் சரிபார்ப்பவர், அது யாருக்குப் போகிறது என்று ஒருமுறையாவது பார்த்திருக்கிறாரா?

ஐந்தாவதற்கு தெரசா அமபைலும் ஸ்டீவன் கிராமரும். 7 நிறுவனங்களில் 238 பேர் தினமும் எழுதிய ஏறத்தாழ 12,000 நாட்குறிப்புகளைப் படித்தார்கள். ஒருவரின் நாளை நல்ல நாளாக்கியதில் முதலிடம், அர்த்தமுள்ள வேலையில் சிறிதளவாவது முன்னேறியதற்கு. ஆகவே டீம் லீடின் தினசரி வேலை, தடையை எடுப்பது. சின்ன மென்பொருள் ஒன்று வாங்க ஐந்து பேர் ஒப்புதல் வேண்டும், நான்காமவர் லீவில் இருக்கிறார், வேலை எட்டு நாளாக நிற்கிறது. இப்படி ஒன்றை இந்த வாரம் தூக்கிவிட்டுப் பாருங்கள்.

எங்கிருந்து வேலை பார்ப்பது என்பதும் சுயமுடிவில்தான் சேரும். டிரிப்.காம் என்ற சீனப் பயணச் சேவை நிறுவனத்தில் 1,612 ஊழியர்களைக் கொண்டு நடந்த பரிசோதனை 2024-ல் வெளியானது. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதித்தபோது விலகுவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள், வேலைத்திறன் குறையவில்லை. எல்லாத் தொழிலுக்கும் இது ஒத்துவராது. ஒத்துவரும் இடத்தில் மறுப்பதற்குக் காரணம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

பரிசுகளைப் பற்றி ஒரு வார்த்தை. டெசி 1971-ல் மாணவர்களுக்குப் புதிர் கொடுத்துப் பார்த்தார். தீர்த்ததற்குப் பணம் வாங்கியவர்கள், பணம் நின்றபிறகு ஓய்வு நேரத்தில் அதை முன்புபோல் தொடவில்லை. ஆர்வத்தோடு செய்வதற்கு விலைப்பட்டியல் போட்டால் ஆர்வம் விலையோடு போய்விடுகிறது. எதிர்பாராத பரிசும், எதைச் செய்தார் என்று குறிப்பிட்டுச் சொல்லும் பாராட்டும் அந்தக் கெடுதலைச் செய்வதில்லை. “சூப்பர் டீம்!” என்று குரூப்பில் போடுவது பாராட்டில் சேராது.

படி 5: அப்ரைசலில் அறுந்த இணைப்பைத் தேடுங்கள்

விக்டர் வ்ரூம் 1964-ல் தந்த சூத்திரம் இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஊழியர் மனதில் மூன்று கேள்விகள் ஓடுகின்றன. உழைத்தால் இலக்கை எட்ட முடியுமா? எட்டினால் சொன்னது கிடைக்குமா? கிடைப்பது எனக்கு வேண்டியதா? மூன்றும் பெருக்கல் கணக்கு. ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம்.

நடுக்கேள்விதான் பெரும்பாலும் அறுந்திருக்கும். வருடம் முழுக்க “எக்ஸலண்ட்” என்று கேட்டுக்கொண்டே வந்தவர், கடைசியில் பெல் கர்வ் காரணமாக, அதாவது ஒவ்வொரு ரேட்டிங்கிலும் இத்தனை பேர்தான் என்ற கட்டாய விகிதத்தால், நடுத்தர ரேட்டிங்கில் போய் உட்காருகிறார். “உங்க பேரைத்தான் அனுப்பினேன், மேலே குறைச்சுட்டாங்க” என்கிறார் மேனேஜர். அந்த ஒரு வாக்கியத்தில் ஊழியர் கற்றுக்கொள்வது, இங்கே உழைப்புக்கும் பலனுக்கும் தொடர்பில்லை என்பதை. கட்டாய விகிதத்தை வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் வருடத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது கேள்விக்கு ஆளுக்கு ஆள் பதில் மாறும். ஒருவருக்குப் பதவி, ஒருவருக்குப் புதிய தொழில்நுட்பம், ஒருவருக்கு ஆறு மணிக்குக் கிளம்ப முடிவது. மிகச் சிறந்த பொறியாளருக்குப் பரிசாக மேனேஜர் பதவி கொடுத்து, ஒரு நல்ல பொறியாளரை இழந்து சுமாரான மேனேஜரைப் பெறும் பழக்கம் இந்தக் கேள்வியைக் கேட்காததால் வருவது. பதவி ஏறாமல் சம்பளமும் மதிப்பும் ஏறும் தனிப்பாதை ஒன்று வேண்டும். உள்ளேயே வேறு டீமுக்கு மாற வழியும் வேண்டும். “என் ஆளை விடமாட்டேன்” என்று மேனேஜர் பிடித்துவைத்தால், அவர் போகப்போவது பக்கத்து டீமுக்கு அல்ல, போட்டி நிறுவனத்துக்கு.

படி 6: அதிர்ச்சி நாட்களைக் குறித்து வையுங்கள்

எல்லோரும் மெல்ல மெல்லத்தான் போகிறார்கள் என்றில்லை. தாமஸ் லீ, டெரன்ஸ் மிட்செல் 1994-ல் காட்டியபடி, பலருக்குக் குறிப்பிட்ட ஒரு நிகழ்ச்சிதான் போகும் எண்ணத்தையே தொடங்கிவைக்கிறது. எதிர்பார்த்த புரமோஷன் வேறொருவருக்குப் போவது, நெருங்கிய சகா விலகுவது, மேலதிகாரி மாறுவது, ஆட்குறைப்பு, எதிர்பாராமல் வரும் ஒரு ரெக்ரூட்டரின் போன். இவற்றில் கடைசியைத் தவிர மற்றதெல்லாம் நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரியும். புரமோஷன் பட்டியல் வெளியாகும் முன்பே, கிடைக்காதவரைத் தனியாகக் கூப்பிட்டுக் காரணத்தையும் அடுத்து என்ன வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். மின்னஞ்சலைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது. ஆட்குறைப்புக்குப் பிறகு, தப்பித்தவர்கள் நன்றியோடு இருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். அடுத்து நான்தானா என்ற கேள்வியோடு இருப்பார்கள்.

சேரும் முதல் சில வாரங்களும் இதில் அடக்கம். லேப்டாப் வர ஒரு வாரம், லீடைப் பார்க்க இரண்டு வாரம் என்று இழுத்தால், வரும்போது கொண்டுவந்த ஊக்கம் வரவேற்பறையிலேயே தீர்ந்துவிடும். முதல் நாளில் நிறுவனப் பெருமையை நான்கு மணி நேரம் ஸ்லைடு போட்டுக் காட்டுவதற்குப் பதிலாக, அவர் எதில் கெட்டிக்காரர் என்று கேட்டு அதற்கு முதல் மாதத்திலேயே ஒரு சின்ன வேலை கொடுங்கள்.

படி 7: போகிறவரை மரியாதையோடு அனுப்புங்கள்

நோட்டீஸ் பீரியடில் இருப்பவரை நடத்துவதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் தங்கள் கணக்கைப் போடுகிறார்கள். கடைசி மாதச் சம்பளத்தை இழுத்தடிப்பது, குரூப்பிலிருந்து அன்றே நீக்குவது, முகம் கொடுக்காமல் இருப்பது எல்லாம் இருப்பவர்களுக்குப் போகும் செய்தி.

விலகி மூன்று நான்கு மாதம் ஆனபிறகு ஒரு போன் செய்யுங்கள். பழைய மேனேஜர் வேண்டாம், எச்.ஆரிலிருந்து ஒருவர் பேசட்டும். கணக்கெல்லாம் முடிந்திருக்கும், புதிய இடத்தில் காலூன்றியிருப்பார், இனி மறைக்க எதுவும் இல்லை. “எது மாறியிருந்தா நீங்க இங்கேயே இருந்திருப்பீங்க?” என்று மட்டும் கேளுங்கள். பதிலை முதல் படியில் எழுதிய அந்தத் தாளில் அவர் பெயருக்கு எதிரே எழுதி வையுங்கள். ஆறேழு பெயர் சேர்ந்தபிறகு பொதுவாக எது தெரிகிறதோ அதை மட்டும் மேனேஜர்களிடம் எடுத்துச் செல்லுங்கள். இன்னார் இப்படிச் சொன்னார் என்று ஒருமுறை வெளியே போய்விட்டால், அடுத்த போனை யாரும் எடுக்க மாட்டார்கள்.